படத்தில் உள்ளபடி எரிக

அந்த ஆஸ்பத்திரியின் பாய்லரில் தீ எப்படி எரிய வேண்டும் என்பதை ஒரு போட்டோ தீர்மானித்தது. சிரிக்க வேண்டாம். சிரித்தவர்களை எல்லாம் பிணவறைப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

பாய்லர் புதிதாக வந்த அன்று, அப்போதைய பெரிய அதிகாரி வந்து பொத்தானை அமுக்கினார். பர்னரின் மூக்கிலிருந்து எண்ணெய் பொடிப்பொடியாகச் சீறியது, பற்றிக்கொண்டது, உள்ளே எரிவதைப் பார்க்க வைத்திருந்த பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் பளீரென்று எரிந்தது. அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, "ஆகா, தீ என்றால் இதுவல்லவோ தீ! என்றைக்கும் இப்படியே எரிய வேண்டும்" என்றார். பெரிய மனிதர்கள் திறப்பு விழாவில் இப்படி எதையாவது சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். வேறு இடமாக இருந்தால் அந்தப் பேச்சு அந்த டீயோடு ஆறிப்போயிருக்கும். இங்கே அது விதியாகிவிட்டது. தீயைப் போட்டோ எடுத்தார்கள். பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டார்கள். ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று பாய்லரின் உடம்பை ஒட்டியே, பார்வைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். கீழே பித்தளைத் தகட்டில் 'செந்தரச் சுடர்', அதாவது மற்ற எல்லாத் தீக்கும் அளவுகோலான தீ, என்று பொறித்தார்கள். அதைக் காப்பாற்ற ஒரு குழுவும் போட்டார்கள்.

குழுவில் மூன்று பேர். தலைவர், அந்த ஆஸ்பத்திரியின் எல்லாக் குழுக்களுக்கும் தலைவர். அடுத்தவர் விளம்பர அதிகாரி. மூன்றாமவர் தோட்ட அதிகாரி; பூக்களோடு பழகுகிறவர், நிறங்களைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்கும் என்று அவரைச் சேர்த்தார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை 'சுடர் ஒப்பீடு' நடக்கும். குழு வந்து நாற்காலி போட்டு உட்காரும். பர்னருக்குள் காற்று போகிற வாசலில் ஒரு தகடு உண்டு; ஒரு திருகாணி அதைத் திறக்கும், மூடும். அந்தத் திருகாணியைத் தொட 'பயிற்சி பெற்ற கை' ஒன்றுக்குத்தான் அனுமதி. அது நம்முடைய பாய்லர்காரரின் கை. தலைவர் தீயைப் பார்ப்பார், போட்டோவைப் பார்ப்பார், "இன்னும் கொஞ்சம்" என்பார். பாய்லர்காரர் திருப்புவார். "போதும்!" என்று தோட்ட அதிகாரி கத்துவார். உடனே திருகாணியின் தலையில் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைப்பார்கள். அடுத்த ஒப்பீடு வரைக்கும் அதன் மேல் ஈ உட்காரலாம்; பாய்லர்காரர் கை வைக்கக் கூடாது.

பாய்லர்காரர் இதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியிருந்தார். போட்டோவில் உள்ள தீயையும் பாய்லரில் உள்ள தீயையும் அண்ணன் தம்பி மாதிரி ஆக்கிவிடுவார். அதற்காக 'சிறந்த சுடர் ஒப்பாளர்' என்று ஒரு கேடயம்கூடக் கொடுத்திருந்தார்கள். மனிதருக்கு அதில் ஏகப் பெருமை. வீட்டில் வாசலுக்கு நேரே வைத்திருந்தார். மனைவி அதன் மேல் காய்கறிப் பையை மாட்டுவாள்.

அந்த மனைவி இப்போது இதே ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் படுத்திருந்தாள். வயிற்றில் ஒரு கட்டி. ஊழியரின் மனைவி என்பதால் ஊழியர் வரிசையில் ஆபரேஷனுக்கு இடம் கிடைத்திருந்தது. இடம் கிடைத்தது; ஆபரேஷன்தான் கிடைக்கவில்லை. காலையில் பட்டினி போட்டு, பச்சை அங்கி மாட்டி, தியேட்டர் வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார்கள். பிறகு ஒரு நர்ஸ் வெளியே வந்து, "ஆவி வரல, நாளைக்குப் பார்க்கலாம்" என்பாள். கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் கிருமி போக வேகவைக்கிற மெஷினுக்கு ஆவி வேண்டும். ஆவி எங்கிருந்து வர வேண்டும்? வீட்டுக்காரரின் பாய்லரிலிருந்துதான்.

"ஏங்க, இன்னைக்கும் உங்க அடுப்பு பத்தலையாமே?" என்று கேட்டாள் அவள். சிரிக்கத்தான் பார்த்தாள். பாதியில் வலி வந்து முகம் கோணிப்போயிற்று.

"எரியுது. போட்டோல இருக்கிற மாதிரியேதான் எரியுது. ஆவிதான் ஏற மாட்டேங்குது. எனக்கே ஒண்ணும் புரியல" என்றார்.

"உங்களுக்கே புரியலைன்னா எதுக்கு எனக்குச் சொல்றீங்க? போய் யார்கிட்டயாவது கேளுங்க."

அந்த நேரம் பார்த்து ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா வந்தார். வார்டில் எல்லாருக்கும் அவரிடம் பயம், பாய்லர்காரருக்குக் கூடுதலாகவே பயம். டாக்டரம்மா அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு பாய்லர்காரரைத் தனியாக அழைத்தார்.

"இங்க பாருங்க. வெந்நீர்ல அலசின கத்தியை வெச்சு நான் யார் வயித்தையும் திறக்க மாட்டேன். அதே சமயம் இன்னொரு தடவை தள்ளிப் போனா இந்தக் கட்டி உள்ளேயே வெடிச்சிடும். வெடிச்சா நான் இருந்தும் பிரயோஜனம் இல்ல. திங்கட்கிழமை செய்றேன். எனக்கு ஆவி வேணும். எப்படியாவது குடுங்க."

பாய்லர்காரர் நேராகக் குழுத் தலைவரிடம் ஓடினார்.

குழு உடனே கூடியது. கூடுவதில் அதற்கு நிகர் இல்லை. மூவரும் பாய்லர் அறைக்கு வந்தார்கள். தீ சோம்பலாக, செங்கல் நிறத்தில், நுனியில் புகையைக் கட்டிக்கொண்டு எரிந்தது. தலைவர் போட்டோவைப் பார்த்தார். அதிலும் தீ சோம்பலாக, செங்கல் நிறத்தில் இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினார்: "தீ செந்தரப்படி எரிகிறது. தீ சரியென்றால் அதிலிருந்து வருகிற ஆவியும் சரிதான். வருகிற ஆவி போதவில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் கூடுதலாக எதிர்பார்க்கிறார் என்றே பொருள். எதிர்பார்ப்புகளைக் குறைக்க இந்த நிர்வாகம் எல்லா முயற்சிகளையும் எடுத்து வருகிறது."

"சார், அழுத்தம் காட்டுற முள் சிவப்புக் கோட்டுக்குக் கிட்டயே வர மாட்டேங்குது சார்" என்றார் பாய்லர்காரர்.

தோட்ட அதிகாரி முள்ளை உற்றுப் பார்த்தார். "கோட்டை யார் அங்க போட்டது?"

"கம்பெனிக்காரங்க சார்."

"அவங்களுக்கு நம்ம ஆஸ்பத்திரியைப் பத்தி என்ன தெரியும்? கோடு ரொம்ப மேல இருக்கு."

மறுநாளே பெயிண்டர் வந்தார். முள் எங்கே களைத்துப்போய் நின்றதோ அங்கே புதிதாகச் சிவப்புக் கோடு போட்டார். முள் இலக்கை எட்டிய தருணத்தில் மூவரும் கை தட்டினார்கள். பாய்லர்காரரும் தட்டினார், பழக்கம். கையோடு விளம்பர அதிகாரிக்கும் ஒரு யோசனை உதித்தது. புகைபோக்கியிலிருந்து வருகிற கரும்புகை கறுப்பாகத் தெரிவதற்குக் காரணம், புகைபோக்கி வெள்ளையாக இருப்பதுதான் என்று கண்டுபிடித்தார். அதைக் கறுப்பாக்கினார்கள். பெயிண்ட் காய்வதற்குள் அதன் மேல் கரி படிந்துவிட்டது. வேலை சுத்தமாக அமைந்திருப்பதாகக் குழு பாராட்டியது.

அதோடு விட்டார்களா? தலைவர் பெண்கள் வார்டுக்கே வந்து நோயாளிகள் முன்னால் பேசினார். "ஆவி இலக்கை எட்டிவிட்டது. இனிமேல் உங்கள் ஆபரேஷன் தள்ளிப்போனால், அது ஆவி இல்லாததால் அல்ல என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

அவர் போனதும் பாய்லர்காரர் மனைவியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். 

"உங்க தீ ஆரம்பத்துலயும் இப்படித்தான் செங்கல் கலர்ல இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"போட்டோல அப்படித்தானே இருக்கு."

"போட்டோவை விடுங்க. நம்ம கல்யாணப் போட்டோவை அடுப்புக்கு மேல மாட்டி வெச்சீங்களே, வேண்டாம் வேண்டாம்னு நான் சொல்லச் சொல்ல. அதுல நீங்க போட்டிருந்த நீலச் சட்டை இப்ப என்ன கலர்?"

"பழுப்பு."

"நான் என்ன பழுப்புச் சட்டைக்காரனையா கட்டிக்கிட்டேன்?"

பாய்லர்காரர் பேந்தப் பேந்த விழித்தார். பிறகு மெல்ல மெல்ல அவருக்குள் இறங்கியது. பாய்லரின் உடம்போடு ஒட்டி, ராப்பகலாகச் சூட்டில் வெந்துகொண்டிருக்கிற போட்டோ. வருஷா வருஷம் அது மங்கிக்கொண்டே வந்திருக்கிறது. வருஷா வருஷம் குழு "இன்னும் கொஞ்சம்" என்றிருக்கிறது. வருஷா வருஷம் அவர் தன் கையாலேயே திருகாணியைத் திருப்பி, தீக்குப் போகிற காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, மங்கின போட்டோவுக்குப் பொருத்தமாகத் தீயை மங்க வைத்திருக்கிறார். மூச்சு முட்டிய தீ புகையைக் கக்கி, குழாய்களில் எல்லாம் கரியை அப்பியிருக்கிறது. சூடு தண்ணீரைப் போய்ச் சேரவே இல்லை. அட பாவி, இதற்குக் கேடயம் வேறு!

"நான்தான் பண்ணியிருக்கேன்" என்றார். குரல் உடைந்துவிட்டது.

"அழுவுறதை அப்புறம் வெச்சுக்கோங்க. முதல்ல போய்ச் சொல்லுங்க" என்றாள்.

போய்ச் சொன்னார். தலைவர் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"செந்தரம் மங்காது. மங்குகிற பொருள் செந்தரமாக இருக்க முடியாது. இது செந்தரம் என்று பித்தளையில் எழுதியிருக்கிறது. எனவே இது மங்கவில்லை" என்றார்.

"சார், எங்க வீட்டுப் போட்டோ..."

"உங்கள் வீட்டுப் போட்டோவுக்குக் குழு இருந்ததா?"

"இல்ல சார்."

"அதனால்தான் மங்கியிருக்கிறது."

பாய்லர்காரர் கையைக் கூப்பிக்கொண்டு அப்படியே நின்றார். அவர் கண்ணில் தண்ணீரைப் பார்த்துத் தலைவருக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மேடைப் பேச்சை விட்டுவிட்டுச் சாதாரணமாகப் பேசினார்.

"யோவ், எனக்கு மட்டும் கண்ணு தெரியாதா? அது மங்கிப் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்ப நான் அதை ஒத்துக்கிட்டா, இத்தனை வருஷமா என்ன பார்த்துக்கிட்டு இருந்தேன்னு கேப்பாங்க. நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் அந்தப் போட்டோ மங்கக் கூடாது. அதுக்கப்புறம் அது எக்கேடோ கெட்டுப் போகட்டும். உன் வீட்டம்மாவுக்கு நல்லாயிடும், கவலைப்படாதே."

ஞாயிற்றுக்கிழமை பாய்லருக்கு ஓய்வு. அன்று காலை பாய்லர்காரர் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டார். மின்சாரத்தை நிறுத்தி, எண்ணெய் வால்வை மூடி, பர்னரைக் கழற்றிச் சாக்கின் மேல் வைத்தார். எண்ணெய் சீறுகிற மூக்கான நாசிலின் நுனியில் கரி மொட்டு மாதிரி கட்டியிருந்தது. கம்பியால் குத்தினால் துளை கெட்டு எண்ணெய் கோணலாகத் தெறிக்கும்; அதனால் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் பதமாகத் தேய்த்தார். வடிகட்டியைக் கழுவினார். பொறி தட்டுகிற கம்பிகளைத் துடைத்தார். பிறகு பாய்லரின் முன்கதவைத் திறந்து, குழாய்களில் அப்பியிருந்த கரியை நீளமான பிரஷ்ஷால் இழுத்து இழுத்து எடுத்தார். வாளி வாளியாக வந்தது. ஒவ்வொரு வாளியும் தன் கை செய்த வேலை என்று நினைக்க நினைக்க அவருக்குத் தாங்கவில்லை. யாரும் இல்லாத தைரியத்தில் வாய்விட்டு அழுதார்.

கடைசியில் அரக்கு முத்திரை. உளியை எடுத்து அதன் மேல் வைத்தார். அவர் வாழ்நாளில் ஒரு விதியைக்கூட மீறியதில்லை. ஆஸ்பத்திரிப் புல்தரையில் கால் வைத்ததில்லை. "என்னை மன்னிச்சிருங்க" என்று யாரிடமோ சொல்லிவிட்டு ஒரே தட்டாகத் தட்டினார்.

திங்கட்கிழமை விடிந்ததும் பர்னரைத் திரும்ப மாட்டி ஓட்டினார். காற்றுத் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். புகை அறுந்தது. தீ குறுகி, இறுகி, பளீரென்று நின்றது. முள் பெயிண்டரின் கோட்டைத் தாண்டி, கம்பெனிக்காரர்களின் பழைய கோட்டையும் போய்த் தொட்டது. தியேட்டர் பக்கத்துக் குழாய்களில் ஆவி கடகடவென்று ஓடியது. கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்து, "அண்ணே, மெஷின் பிச்சுக்கிட்டுப் போகுது! முதல் ஆள் உள்ள போயாச்சு, அடுத்தது அண்ணிதான்" என்று சொல்லிவிட்டு அதே வேகத்தில் ஓடினாள். பாய்லர்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சந்தோஷம் குழு வருகிற வரைக்கும் நீடித்தது. மூவரும் பார்வைக் கண்ணாடிக்குள் குனிந்தார்கள். பாம்பைக் கண்டவர்கள் போல நிமிர்ந்தார்கள்.

"இது என்ன தீ?" என்றார் தலைவர்.

"பாய்லர் வந்த அன்னைக்கு எரிஞ்ச தீ சார்."

"போட்டோவில் இப்படி இல்லையே! முத்திரை எங்கே? உடனே பழையபடி திருப்பும்!"

"என் பொண்டாட்டி உள்ள போய் வெளிய வரட்டும் சார். அப்புறம் நீங்க என்னையே தலைகீழாத் திருப்புங்க. இப்ப முடியாது" என்று சொல்லி, பாய்லர்காரர் பர்னருக்கு முன்னால் கையை அகல விரித்துக்கொண்டு நின்றார்.

"அப்படியா? இந்த நிமிஷத்திலிருந்து உமக்கு இங்கே வேலை இல்லை!" என்று கத்தினார் தலைவர். கத்திவிட்டு, "யாராவது அந்தத் திருகாணியைத் திருப்புங்கள்" என்றார்.

யாரும் அசையவில்லை. பயிற்சி பெற்ற கைதான் தொடலாம். பயிற்சி பெற்ற கை அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது; அதைத்தான் இப்போது அவரே வேலையை விட்டுத் தூக்கிவிட்டார். தோட்ட அதிகாரி தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தீ ஜம்மென்று எரிந்தது. பாய்லர்காரருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

விளம்பர அதிகாரி தலைவரின் காதில் ஏதோ ஓதினார். தலைவரின் முகம் தெளிந்தது.

"உம்முடைய மனைவி எந்த வரிசையில் இருக்கிறார்?"

"ஊழியர் வரிசை சார்."

"நீர்தான் ஊழியர் இல்லையே."

பாய்லர்காரர் ஓடினார். படிகளில் தடுக்கி விழுந்து எழுந்து ஓடினார். போன் அவருக்கு முன்னால் ஓடிவிட்டது. தியேட்டர் வாசலிலிருந்து மனைவியைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வண்டி தள்ளுகிறவர் அவர் முகத்தைப் பார்க்காமல், "எனக்குச் சொன்னதைச் செய்றேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியை விட்டுப் போனார். பின்னாலேயே தலைவரும் வந்து சேர்ந்தார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. வந்து திருகாணியைப் பழையபடி திருப்பிடு. உடனே மறுபடியும் வேலை. உன் வீட்டம்மாவுக்கு மறுபடியும் இடம்" என்றார்.

"திருப்பினா ஆவி இருக்காதே சார்!"

"இடம் இருக்குமே" என்றார் தலைவர். அவர் கிண்டல் பண்ணவில்லை. உண்மையாகவே உதவி செய்கிற முகத்தோடுதான் சொன்னார்.

மனைவி வண்டியிலிருந்தபடியே அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "திருப்பித் தொலைச்சுடாதீங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு அதே நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, டாக்டரம்மா கைவேலையா இருக்காங்க. பொது வரிசையில டோக்கன் வாங்கிட்டு வாங்க, இன்னைக்கே செய்றேன்னு சொல்லச் சொன்னாங்க. வெளி ஜன்னல்ல குடுப்பாங்க. கொஞ்ச டோக்கன்தான் இருக்கு, சீக்கிரம் போங்க!"

பாய்லர்காரர் வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு வெளி முற்றத்துக்குப் போனார். வரிசையைப் பார்த்ததும் அவருக்கு உயிரே போய்விட்டது. ஜன்னலிலிருந்து ஆரம்பித்துக் கட்டடத்தையே சுற்றிக்கொண்டு வந்தது வரிசை. போர்வைக்குள் சுருண்டவர்கள், தோளில் சாய்ந்தவர்கள், நாற்காலியில் தூக்கி வரப்பட்டவர்கள். எல்லாருக்கும் அவசரம். கடைசியில் போய் நின்றார். மனைவி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

முன்னால் நின்ற ஒருவர் தற்செயலாக அண்ணாந்து புகைபோக்கியைப் பார்த்தார்.

"என்னய்யா இது, புகையே காணோம்?"

"பாய்லரே ஓடல போல" என்றார் இன்னொருவர்.

"புகை குபுகுபுன்னு வந்தப்பவே ஆபரேஷன் நடக்கல. புகையே வரலைன்னா இன்னைக்கு எங்க நடக்கப் போகுது? எந்திரிம்மா, வீட்டுக்குப் போலாம்."

சேதி ஜன்னல் வரைக்கும் ஓடியது. ஒருத்தர் கிளம்பினார்; அவரைப் பார்த்து நாலு பேர் கிளம்பினார்கள். போர்வைகளை மடித்தார்கள், நாற்காலிகளைத் தூக்கினார்கள். வரிசை கரைந்தது. பாய்லர்காரர் வாயைத் திறந்தார். "ஓடுது, நல்லா ஓடுது, அதனாலதான் புகை இல்ல" என்கிற வார்த்தைகள் நாக்கு வரைக்கும் வந்துவிட்டன. மனைவி வலியில் ஒரு தடவை முனகினாள். அவர் வாயை மூடிக்கொண்டார். வண்டியைத் தள்ளினார். மறுபடி தள்ளினார். தள்ளத் தள்ள ஜன்னல் பக்கத்தில் வந்தது.

கடைசியாக அவருக்கு முன்னால் ஓர் அம்மா மட்டும் நின்றாள். தோளில் மகள் துவண்டு கிடந்தாள். ஜன்னலுக்குள் இருந்தவர் மிச்சமிருந்த ஒரே ஒரு டோக்கனை எடுத்து மேஜை மேல் வைத்துக்கொண்டு, யாருக்கோ போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா அண்ணாந்து புகைபோக்கியைப் பார்த்தாள். பிறகு திரும்பி, பாய்லர்காரரின் சட்டையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க பாய்லர்ல வேலை செய்றவரா? அது ஓடுதா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க. இவளால நிக்கவே முடியல. இல்லைன்னா போயிடுறோம்."

பாய்லர்காரர் அவள் மகளைப் பார்த்தார். தன் மனைவியைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நான் அங்க வேலையில இல்லம்மா" என்றார்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, மகளை அணைத்துக்கொண்டு மெதுவாக வாசலைப் பார்த்து நடந்தாள்.

"ஏங்க" என்றாள் மனைவி. "ஏங்க, அவங்களைக் கூப்பிடுங்க."

காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. அவர் வண்டியை ஜன்னலுக்குத் தள்ளினார்.